வல்லத்துக் கரிமருந்துத் துப்பாக்கி

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் வல்லத்தில் இறங்குவதில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தால், தீவனூர் தாண்டியதும் பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அப்புறம் எல்லோர் கண்ணும் மேற்கே கோட்டையைத் தேடத் தொடங்கிவிடும். 2025 ஜூலையில் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கும் கோட்டைக்குப் போகும் எண்ணம் இருந்தது. ஆனால் அதற்கு முன்பு வல்லத்தில் இறங்கி, ஒரு விவசாயியின் வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பார்க்க வேண்டியிருந்தது.

கரிமருந்தில் சுடும் துப்பாக்கி அது. கோட்டைச் சுவரில் ஏற்றிவைத்த பீரங்கியும் கரிமருந்தில்தான் சுட்டது. 1884இல் பிரான்சில் பால் வியேல் என்பவர் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்த பிறகு, உலகத்துப் படைகளெல்லாம் அடுத்த சில பத்தாண்டுகளில் கரிமருந்தைக் கைவிட்டன. நம் ஊர்க் கொல்லைகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. எப்படி இருக்கிறது, யார் அதைப் பேணுகிறார்கள், ஒரு உறுப்பு உடைந்தால் எங்கே போகிறார்கள் என்று அறிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

வல்லம் ஒன்றியத்து மண்ணில் மானாவாரிதான் அதிகம். மல்லாட்டை, கம்பு, கொஞ்சம் உளுந்து. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்பார்கள். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. ரகங்கள் நாடு முழுக்கப் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட மல்லாட்டைச் சீமையில், காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் கொல்லை உழுதுபோட்ட மாதிரி ஆகிவிடும். இறங்கிய பன்றி காயை மட்டும் தின்றுவிட்டுப் போவதில்லை. மூக்கால் மண்ணைக் கிளறிச் செடியை வேரோடு புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். தின்றது கொஞ்சம், பாழானது நிறைய.

நான் போன வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "வாங்க தம்பி, உக்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டிவிட்டு, முதலில் துப்பாக்கியை எடுத்துவரவில்லை. உரிமப் புத்தகத்தைத்தான் எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன்மேல் இன்னொரு பை சுற்றி வைத்திருந்தார். அதில் ஆயுத வகை என்ற இடத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருந்தது. ஒற்றைக் குழல், வாய்வழியாக மருந்து போடுவது என்று பொருள். ஒரு நேரத்தில் எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதும் அதிலேயே இருந்தது. பக்கம் பக்கமாகப் புதுப்பித்த முத்திரைகள். "துப்பாக்கி போனாக்கூட எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம் தம்பி. இது போச்சின்னா பதில் சொல்ல முடியாது" என்றார்.

பிறகு பழைய வேட்டியில் சுற்றிய துப்பாக்கி வந்தது. நான் நினைத்திருந்ததைவிட நீளம், கனம் குறைவு. மரக்கட்டையில் கைப்பிடி படும் இடம் மட்டும் கறுத்து வழவழப்பாக இருந்தது. குழலை மரத்தோடு பிணைக்கும் பித்தளைப் பட்டைகளில் ஒன்று பிற்காலத்தில் மாற்றியது, நிறமே வேறு. குழலின் அடியில், மருந்தை இடித்துச் செலுத்தும் இரும்புக் கம்பி செருகியிருந்தது. பக்கவாட்டில் குதிரை. அது ஓங்கி அடிக்கும் இடத்தில் ஒரு சின்ன உருக்கு முனை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதை நிப்பிள் என்கிறார்கள். அதன்மேல் செப்புக் கேப்பைக் கவிழ்த்துவைத்துக் குதிரையை விட்டால், கேப்பு வெடித்து, முனையின் நடுவில் உள்ள மெல்லிய துளை வழியாகத் தீ உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

நான் குனிந்து பார்த்தது அந்த நிப்பிளைத்தான். விளிம்பு நசுங்கி வெளிப்பக்கம் மடிந்திருந்தது. துளை ஊசி நுழையும் அளவுக்கு இருக்க வேண்டியது, அரிக்கப்பட்டு அகன்றிருந்தது. அடியில் மரை தேய்ந்து, விரலால் தொட்டாலே லேசாக ஆடியது. இந்த நிலையில் சுட்டால், முன்னால் போக வேண்டிய அழுத்தத்தில் ஒரு பங்கு துளை வழியாகப் பின்னால் திரும்பும். குதிரையையே தூக்கி எறியும். கேப்புச் சிதறல் கண்ணுக்கு வரும். பெரியவருக்கு இது தெரியும். "ரெண்டு பட்டத்துக்கு முந்தியே நிறுத்திட்டேன். இப்ப ராத்திரில தகரத்தத் தட்டிக்கினு கெடக்கறேன்" என்றார்.

கரிமருந்துத் துப்பாக்கியின் முதல் எதிரி கரிமருந்துதான். எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. குழலுக்குள் படியும் அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரு ராத்திரி விட்டுவிட்டால் துரு. அதனால் சுட்ட அன்றே கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கழுவி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் போட வேண்டும். பெரியவர் இதைச் சொல்லும்போது கைகள் தாமாக அந்த வேலையைச் செய்துகாட்டின. அவர் வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தது அவர் மனைவியாம். "சுடறது ஒரு நிமிசம், கழுவறது ஒரு மணி நேரம்" என்று அந்த அம்மா உள்ளே இருந்தபடியே சொன்னார்.

துருப்பிடித்ததற்குப் பெரியவர் இன்னொரு காரணமும் சொன்னார். ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று மாறிமாறி வரும் தேர்தல்களில் துப்பாக்கி வாரக்கணக்கில் ஒரு மூலையில் சாத்திக் கிடக்கும். எண்ணெய் போட ஆள் இல்லை. மழைக்காலத்தில் திரும்பி வந்தபோது குழலுக்குள் செம்மண் நிறத்தில் படை படையாக இருந்ததாம். தேர்தல் காலக் கட்டுப்பாடு நியாயமானது. ஒப்படைக்கும் துப்பாக்கியின் குழலில் எண்ணெய் போட்டு வாயை அடைத்து வைக்கச் சொல்லி ஒரு வரி உத்தரவு போட்டால், இந்த மாதிரி எத்தனையோ பொருள்கள் பிழைக்கும்.

ஒரு நிப்பிளை மாற்றினால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். அதில்தான் சிக்கல்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படுகிறவருக்கு வாய்வழி மருந்து போடும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று 13ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் உறுப்புகளும் சேர்த்தி. ஆகவே வல்லத்துக் கொல்லர் பட்டறையில் ஒரு நிப்பிளைக் கடைந்து போட்டால், போட்டவரும் குற்றவாளி, போட்டுக்கொண்டவரும் குற்றவாளி. உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம்தான் போக வேண்டும். அவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் தோட்டாத் துப்பாக்கிக்கான சாமான்கள்.

கிடைத்தாலும் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. பெரியவர் ஒருமுறை உறவினர் மூலம் உரிமக் கடையொன்றில் புது நிப்பிள் வாங்கிவரச் செய்திருக்கிறார். மரை சேரவில்லை. தகரடப்பாவிலிருந்து அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பளபளவென்று, வெள்ளியில் செய்த மாதிரி இருந்தது. அவருடைய குழலில் இருந்த மரை எந்தத் தொழிற்சாலை அளவிலும் அடங்காதது. அந்தத் துப்பாக்கியைச் செய்த கைவினைஞர், தம்மிடமிருந்த மரைவெட்டிக்கு ஏற்ப அதை வெட்டியிருக்கிறார். அவர் செய்த அடுத்த துப்பாக்கிக்குக்கூட இந்த நிப்பிள் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதே கரிமருந்து, இதே கேப்பு, இதே நிப்பிள் கொண்ட இன்னொரு ஆயுதத்தின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார் பறவை வேட்டைக்காரர். பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் பொறி மின்னும். அதைக் கண்டதும் பறவை பறந்துவிடும். அதைத் தவிர்க்கத் தட்டினால் வெடிக்கும் பொருளைக் கொண்டு ஒரு பொறியமைப்பைச் செய்து 1807இல் காப்புரிமை வாங்கினார். அதன் வழியில்தான் செப்புக் கேப்பு வந்தது. கேப்பு வந்ததால் நடைமுறைக்கு ஏற்ற ரிவால்வர் சாத்தியமாயிற்று. 1836இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் காப்புரிமை பெற்ற ரிவால்வரில், சுழலும் உருளையின் ஒவ்வோர் அறைக்கும் பின்னால் ஒரு நிப்பிள். ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக மருந்தும் குண்டும் போட்டு, பின்னால் கேப்பு வைக்க வேண்டும். வல்லத்துப் பெரியவர் ஒரு முறை செய்யும் வேலையை எல்லா அறைக்கும் செய்ய வேண்டும், கழுவும்போதும் அப்படியே.

கோல்ட் செய்த பெரிய காரியம் சுழலும் உருளை மட்டுமல்ல. உறுப்புகளை எந்திரத்தில், ஒரே அளவில், ஆயிரக்கணக்கில் செய்ய முயன்றார். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அவருடைய ரிவால்வர்கள் பரப்பிவைக்கப்பட்டபோது, இங்கிலாந்தின் துப்பாக்கிக் கைவினைஞர்களுக்கு அது அதிர்ச்சி. இரண்டு வருடத்தில் லண்டனிலேயே தொழிற்சாலை தொடங்கினார். 1857இல் இந்தியாவில் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலேய அதிகாரிகள் பலரின் இடுப்பில் கோல்ட் ரிவால்வரோ, அதற்குப் போட்டியாக வந்த ராபர்ட் ஆடம்ஸின் ரிவால்வரோ இருந்தது.

அந்த ரிவால்வர்கள் இன்று பொழுதுபோக்காகிவிட்டன. இத்தாலியின் பிரெஷா மாவட்டத்தில் துப்பாக்கித் தொழில் பல நூற்றாண்டு பழையது. அங்கே உபெர்ட்டி நிறுவனம் 1959 முதல் கோல்ட் ரிவால்வரின் நகல்களைச் செய்துவருகிறது. பியெட்டா என்று இன்னொரு நிறுவனமும் உண்டு. அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட கரிமருந்து ரிவால்வர்களை மற்றத் துப்பாக்கிகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே ஒருவருக்குக் குதிரையை இயக்கும் வில் உடைந்தால், நிப்பிள் விரிந்தால், மாடல் பெயரைச் சொல்லி அஞ்சலில் வரவழைத்துக்கொள்ளலாம். அப்போதும் புது உறுப்பை அரம் வைத்துக் கொஞ்சம் தேய்த்துப் பொருத்த வேண்டிவரும் என்று அந்த வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். 1971 முதல் கரிமருந்துச் சுடுவோருக்கென்றே ஒரு சர்வதேச அமைப்பு இருந்து உலகப் போட்டிகள் நடத்துகிறது. காகித இலக்கைச் சுடும் அவர்களுக்குக் கடையில் கிடைப்பது, கொல்லையைக் காக்க நினைக்கும் நம் விவசாயிக்குக் கிடைக்கவில்லை. நம் நாட்டில் துப்பாக்கிச் சட்டம் தளர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உரிமம் கொடுத்த பிறகு அந்தப் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வழி காட்டாமல் விடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் காலையில் செஞ்சி. ராஜகிரி சுமார் எண்ணூறு அடி உயரம். படிகள் செங்குத்து, வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டும். உச்சியில் ஒரு பீரங்கி கிடக்கிறது. இந்தக் கனத்தை இவ்வளவு உயரத்துக்கு எந்தக் கைகள் ஏற்றினவோ என்று அதைத் தொட்டுப் பார்க்கும் யாருக்கும் தோன்றும். 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1690இல் தொடங்கிய மொகலாய முற்றுகையை சுல்பிகார் கான் முடிக்க 1698 ஆயிற்று. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் உள்ளே புகுந்துவிட்டார். கதவை வெடிவைத்துத் தகர்த்துப் புகுந்த இரவு அது. பிறகு 1760 ஜனவரி 22இல் வந்தவாசிப் போர். பிரெஞ்சு அணியில் வெடிமருந்து வண்டி ஒன்றின்மேல் ஆங்கிலேயர் குண்டு விழுந்து அது வெடித்ததில், எண்பது பேர் அளவில் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அந்தப் பக்கத்து அணியே குலைந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் வல்லத்துப் பக்கத்துக் கொல்லைகள் வெளுத்துத் தெரிகின்றன. இத்தனை கரிமருந்து எரிந்த நிலத்தில், அதைக் கையாளத் தெரிந்த குடும்பங்கள் எத்தனையோ இருந்திருக்க வேண்டும். பெயர்கள் கல்வெட்டில் ஏறியவர்கள் கோட்டையைப் பிடித்தவர்கள் மட்டும்.

கீழே இறங்கி, செஞ்சி கடைத்தெருவில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த நரிக்குறவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வெற்றிலை போட்ட வாய், கழுத்தில் அவரே கோத்த மணிகள். துப்பாக்கி என்றதும் முதலில் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. அவர் சமூகத்தாரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் விசாரணைக்கு வந்தவர்கள். நான் வல்லத்தில் பார்த்த நிப்பிளைப் பற்றிச் சொன்னேன். விரிந்துபோயிருக்கிறது, மரை ஆடுகிறது என்றதும் அவர் முகம் மாறியது. "துளையில கரி அடைஞ்சிருந்தா ஊசி உட்டுக் குத்தக் கூடாது சாமி. குத்திக் குத்தித்தான் அகலமாப் போயிருக்கும். வெந்நீர்ல ஊறப் போடணும்" என்றார். வல்லத்துப் பெரியவர் ஊசியால்தான் குத்தியிருந்தார். தகரடப்பாவில் அந்தக் கோணி ஊசியும் இருந்தது.

அவருடைய அப்பாவுக்கு உரிமம் இருந்ததாம். காடை, கௌதாரி, கொக்கு. குதிரையின் வில் தளர்ந்தால் ஒலியிலேயே தெரியும் என்றார். கட்டைவிரலால் குதிரையை இழுக்கும்போது இரண்டு தட்டு கேட்க வேண்டும். முதல் தட்டில் பாதி நிற்க வேண்டும், இரண்டாவதில் முழுசாக நிற்க வேண்டும். முதல் தட்டு கேட்காவிட்டால் அந்தத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. இதை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. சிறு பையனாக அப்பாவின் பின்னால் நடந்து கற்றது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றமாயிற்று. பறவைகளையும் விலங்குகளையும் காக்க அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் வேட்டையை நம்பியிருந்த மக்களுக்கு மாற்றாக என்ன கொடுத்தோம் என்ற கேள்விக்குப் பாசிமணியும் ஊசியும்தான் வெகுகாலம் பதிலாக இருந்தன. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965இலேயே பரிந்துரைத்தது. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். ஒரு தலைமுறை முழுக்க வளர்ந்து முதுமையடைகிற காலம் அது. இதற்கிடையில் அவர் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியின் இரண்டு தட்டும் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் அவர் விரும்பவில்லை. பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

பன்றிப் பிரச்சினைக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைக் கொல்லக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் சுடலாம். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உரிமத் துப்பாக்கிக்காரர்களை அழைத்துச் சுடச் சொல்ல முடிகிறது. நம் ஏற்பாட்டில் விவசாயியின் துப்பாக்கிக்கு அந்த வேலை இல்லை. அப்படியானால் வல்லத்துப் பெரியவரின் உரிமம் எதற்கு என்று கேட்கலாம். அவர் பதில் எளிமையானது: வெறும் மருந்தில் ஒரு சத்தம் போட்டால் பன்றிக் கூட்டம் அந்த வாரம் அந்தப் பக்கம் வராது. அவர் பன்றியைக் கொன்றதாக ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சத்தத்துக்காகவே வைத்திருக்கிறார். சத்தம் போடவும் பழுதில்லாத நிப்பிள் வேண்டும்.

கள்ளத் துப்பாக்கியையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் பறிமுதல் என்று மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அவற்றால் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் முறையான பழுதுபார்ப்பு வேண்டும் என்கிறேன். மாவட்டத்துக்கு ஒருவருக்காவது, வாய்வழித் துப்பாக்கியை மட்டும் பழுதுபார்க்க உரிமம் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் எல்லா உரிமத் துப்பாக்கிகளையும் வரவழைத்து, ஆடும் நிப்பிளையும் நிற்காத குதிரையையும் பரிசோதிக்கலாம். தேறாததைச் செயலிழக்கச் செய்து அருங்காட்சியகத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். அந்த வேலைக்கு ஆள் தேடினால், செஞ்சிக் கடைத்தெருவில் காதாலேயே வில்லின் தளர்வைக் கண்டுபிடிக்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்துத் தேடினால் இருக்கமாட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு பெரியவருக்கு போன் செய்து, ஊசி விடக் கூடாது என்ற செய்தியைச் சொன்னேன். உரிமப் புத்தகத்தோடு துப்பாக்கியைச் சென்னைக்கு எடுத்துப்போய், பழுதுபார்க்க உரிமம் உள்ள வியாபாரியிடம் கொடுத்து, பழைய மரையை அடைத்துப் புதிதாக வெட்டித் தர முடியுமா என்று கேட்கலாம் என்றேன். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். துப்பாக்கியின் விலையைவிட அதிகமாகலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். மல்லாட்டை பிடுங்கி முடியட்டும், விற்ற காசு கைக்கு வந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அதுவரை அந்த நிப்பிளில் கேப்பு வைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.